குட்டிகளில் முதல் தேர்வு

லெஸ் வார்டிலின் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே எனக்குத் திரும்பி ஓடத் தோன்றும். முப்பத்தைந்து வருஷமாக முயல் குடலை உருவிப் பிழைக்கிறவன் நான், நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துகிற ஆள் இல்லை. ஆனால் அங்கே அடிப்பது வேறு நாற்றம். உருளைக்கிழங்கு போடச் சொல்லி ஊர்க்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்ட துண்டு நிலத்தில் அவன் கட்டியிருப்பது நாய்க்கொட்டடி. இடித்த வீடுகளிலிருந்து பொறுக்கி வந்த பழைய கதவுகளை வரிசையாக நட்டுச் சுவராக்கியிருக்கிறான். பதினாலாம் எண் கதவுக்குப் பின்னால் ஒரு நாய், இருபத்தேழாம் எண்ணுக்குப் பின்னால் இன்னொரு நாய். தபால் போடுகிற ஓட்டை வழியாக மூக்குகள் எட்டிப் பார்க்கும். தண்ணீர்ச் சட்டியில் பச்சைப் பாசி. போன வாரத்து எலும்பில் ஈ. சீ, மனுஷன் வளர்க்கிற லட்சணமா இது?

இருந்தும் அந்த மே மாதச் சனிக்கிழமை காலை, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மடித்த கம்பளித் துண்டு ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். குட்டி எடுக்கப் போனேன்.

ஆண் நாயை இணைக்கக் கொடுத்தவனுக்கு எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் காசு கொடுப்பதில்லை. குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆனதும் அவன் வருவான். எல்லாவற்றையும் பார்த்து, தனக்குப் பிடித்த ஒன்றை முதல் ஆளாகத் தூக்கிக்கொண்டு போவான். மற்றவர்கள் அதற்கப்புறம்தான். இதில் ஏமாற்றுகிறவனுக்கு இங்கே ஒருத்தனும் டீ கூடக் கொடுக்கமாட்டான்.

என் நாயின் பெயர் டார்ன். அம்மா ஆடு மேய்க்கிற இனம், அப்பன் கிரேஹவுண்ட் என்கிற ஓட்டப் பந்தய நாய். இந்த மாதிரிக் கலப்பை லர்ச்சர் என்போம். கால் அப்பனுடையது, மூளை அம்மாவுடையது. வெறும் ஓட்டக்கார ரத்தம் மட்டும் இருந்தால் கண்ணில் பட்டதைத் துரத்திக்கொண்டு போய் முள்கம்பியில் வயிறு கிழிந்து சாகும். டார்ன் அப்படி இல்லை. ஒரு மேட்டில் இருபது முயல் வளை இருந்தால், எதில் ஆள் இருக்கிறது என்று மோந்துவிட்டு அதன் முன்னால் நிற்பான். காலி வளைக்கு நின்றதே கிடையாது. வளை வாய்களில் வலையைப் போட்டு, முயலை வெளியே விரட்ட, கீரி மாதிரி இருக்கும் ஃபெரட்டை உள்ளே விட்டால், நான் ஒரு பக்கம் நிற்பதைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் தானாகப் போய் நின்றுகொள்வான். வலையைத் தாண்டி ஓடின முயலை உயிரோடு, ஒரு முடி கலையாமல் கொண்டு வந்து கையில் வைப்பான். ஆட்டு மந்தை நடுவே நடந்து போனால் ஒரு ஆடு தலை தூக்காது. மலைப் பண்ணைக்காரர்கள் முயல் பிடிக்க என்னைக் கூப்பிட்டதே அவனுக்காகத்தான்.

பிப்ரவரியில் அவனுக்குப் பதினோரு வயது. அதற்குள் நான் ஒரு குட்டி எடுத்து வைத்திருக்க வேண்டும். யாருடைய பெட்டை நாயைக் காட்டினாலும், இது சரியில்லை, அது சரியில்லை என்று தட்டிக் கழித்தே வருஷங்களை ஓட்டிவிட்டேன். எனக்கு அறுபத்திமூன்று. இனி ஒரு நாயைத்தான் பழக்கி எடுக்க முடியும், அது டார்னின் பிள்ளையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. மார்ச் மாதம் ஒரு காலையில் டார்ன் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் என் நினைப்பெல்லாம் லெஸ்ஸின் பெட்டை ஃபெர்ன் வயிற்றில் இருந்த அவன் குட்டிகள் மேல்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். டார்ன் நீல நாய். நீலம் என்றால் வானத்து நீலம் இல்லை, சாம்பல் மேல் கறுப்புத் திட்டு. மேய்ப்பு நாய் ரத்தத்தில் வருகிற நிறம். பார்க்க அழகு. அதனால் நீலக் குட்டிக்கு விலை இரட்டிப்பு. ஆனால் நீலத்தை நீலத்தோடு சேர்க்கவே கூடாது. சேர்த்தால் நாலில் ஒன்று வெள்ளையாக விழும். வெள்ளை அழகுதானே என்று கேட்கிற மடையர்கள் இருக்கிறார்கள். அந்த வெள்ளைக்குக் காது கேட்காது. பாதிக்குக் கண் சரியாக இருக்காது, சிலதுக்குக் கண்ணே இருக்காது. நாய்க் கயிற்றைப் பிடிக்கத் தெரிந்த சின்னப் பையனுக்குக்கூட இது தெரியும்.

போன வருஷம் ஜூலையில் லர்ச்சர் கண்காட்சியில் மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவன், பேர் ஹெடிங்டன், இப்படிப் பிறந்த வெள்ளைக் குட்டியைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து வித்தை காட்டினான். எனக்கு ரத்தம் கொதித்தது. டீக் கொட்டகை முன்னால் நின்று இருநூறு பேர் கேட்கக் கத்தினேன். "நீலத்து மேல நீலத்தைப் போடுறவன் கையை வெட்டணும்டா!" என்றேன். கை தட்டினார்கள். அதிலிருந்து இந்தப் பக்கம் எவன் நீலப் பெட்டை வைத்திருந்தாலும் என் வாசலுக்கு வரமாட்டான்.

லெஸ் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவன் ஃபெர்ன் நல்ல கறுப்பு. "ஆல்வின், உங்களுக்குத்தான் தெரியுமே, தாய் தகப்பன் ரெண்டும் வேலை நாய். நீங்க பாத்துட்டு வேணாம்னா வேணாம்," என்றான். பிப்ரவரியில் டார்னைக் கூட்டிப் போனேன். ஃபெர்ன் பயந்த சுபாவம். நான்தான் முதுகைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் கறுப்பாயிற்று. லெஸ்ஸின் இடத்தில் எதைத் தொட்டாலும் கை கறுப்பாகத்தான் செய்யும். அவன் மனைவி லொரெய்னின் சமையலறையில் கழுவிக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்தேன். ஒரு தடவை இணைத்தால் போதாது என்று வழக்கம்போல இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை போனேன். அன்றைக்குக் கடும் பனி, கையுறை போட்டிருந்தேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

"வாங்க வாங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரரே!" என்று லெஸ் இளித்துக்கொண்டே கதவைத் திறந்தான். நாற்பத்தைந்து வயசு, கழுத்தில் ஒரு விரல் கனத்துக்குச் சங்கிலி, காலில் கிழிந்த செருப்பு. "சட்டையெல்லாம் புதுசு! பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல இருக்கு?"

"பல்லைக் காட்டாதே. குட்டியைக் காட்டு. எத்தனை போட்டா?"

"அஞ்சு. மூணு நீலம், ரெண்டு கறுப்பு. எல்லாம் ஜம்முனு இருக்கு."

வைக்கோல் போட்ட கூண்டிலிருந்து ஐந்தையும் புல்லில் விட்டான். நான் குனியவே இல்லை. குட்டி எடுப்பதற்கு அவசரப்படக் கூடாது. ஒரு வாளியை எடுத்துக் கீழே போட்டேன். நாலு குட்டி வைக்கோலுக்குள் ஓடிற்று. ஒன்று மட்டும் ஓடவில்லை. நீலக் குட்டி, ஆண். இரண்டடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து வாளியைப் பார்த்தது. பிறகு கிட்டே வந்து மோந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்துக் கோழி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. குட்டி அதைப் பார்த்ததும் வயிறு தரையில் ஒட்டப் பதுங்கி, ஒரு முன்காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றது. இடது முன்கால் விரல்கள் வெள்ளை. டார்னுக்கும் அப்படித்தான். டார்ன் நிற்பதும் அப்படித்தான்.

 தூக்கிக் கோட்டுக்குள் வைத்தேன். அது என் தாடையை மோந்துவிட்டுப் பேசாமல் இருந்துகொண்டது. அதன் இதயம் என் விரலில் அடித்தது. இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

"இவன்தான்," என்றேன்.

"தெரியும் எனக்கு! லொரெய்ன்கிட்ட நேத்தே சொன்னேன், கிழவன் இவனைத்தான் தூக்குவான்னு."

அப்போது ஃபெர்ன் பின்னாலிருந்து வெளிச்சத்துக்கு வந்தாள். குட்டி போட்ட பெட்டைக்கு முடி கொட்டும், தெரிந்ததுதான். அவளுக்கும் கொட்டியிருந்தது. முதுகில் ஒரு கைப்பிடி கறுப்பு, அதற்குப் பக்கத்தில் முடி உதிர்ந்து புதிதாக முளைத்த இடம். அந்தப் புது முடி கறுப்பு இல்லை. சாம்பல். சாம்பல் மேல் திட்டு. விலாவில், தொடையில், காதுக்குப் பின்னால், எங்கே பார்த்தாலும் நீலம். செத்த கறுப்பு முடி அங்கங்கே கொத்தாகத் தொங்கியது. நான் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்தது. நுனி தார் மாதிரிக் கறுப்பு, வேர் சாம்பல்.

"லெஸ்," என்றேன். "இது என்னடா?"

"என்னது?"

"இந்த முடி."

"வெயில்ல வெளுத்திருக்கும்."

"வெயிலா? எங்கடா வெயிலு? ஏப்ரல்ல இருந்து மழைதானேடா பெய்யுது!"

அவன் கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டான். ஃபெர்ன் எங்களைக் கவனிக்கவில்லை. புல்லில் சிதறியிருந்த நாலு குட்டிகளையும் தோளால் இடித்து இடித்து வேலி மூலைக்கு ஒதுக்கினாள். ஒன்று நழுவினால் சுற்றி வந்து மறுபடி ஒதுக்கினாள். பிறகு என் காலடிக்கு வந்து கோட்டுக்குள் இருந்ததை மோந்தாள். ஐந்து. அதோடு படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. கொட்டடியின் கடைசியில் இருந்த பழைய கோழிக்கூண்டின் முன்னால் போய், தரையோடு தரையாகப் பதுங்கி, அதன் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மேய்ப்பு நாய் ரத்தத்துக்குக் கணக்குத் தெரியும். எண்ணிக்கை குறைந்தால் அது ஓயாது.

"அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தீவனம்."

"தீவனத்தையா அவ அப்படிப் பாக்குறா?"

அவன் குறுக்கே வந்தான். தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். உருளைக்கிழங்குப் பெட்டிக்குள், தங்கள் மூத்திரத்திலேயே ஊறிக்கொண்டு, இரண்டு வெள்ளைக் குட்டிகள் தூங்கின. கதவு இடித்த சத்தத்துக்கு ஒன்றும் அசையவில்லை. பெட்டி விளிம்பில் தட்டினேன். அசையவில்லை. தொட்டதும் ஒன்று திடுக்கிட்டு எழுந்தது. கண்கள் மங்கல் நீலம், ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. மற்றது முகத்தைத் தூக்கியது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இமை மட்டும் ஒட்டிக்கிடந்தது. ஓரத்தில் சீழ்.

லெஸ் பக்கம் திரும்பினேன். 

"இன்னும் எத்தனைடா?"

"ரெண்டு. அதுங்களைப் பொறந்தன்னிக்கே வாளித் தண்ணியில முக்கியாச்சு. சத்தே இல்லை." லெஸ் மாட்டிக்கொண்டவன் மாதிரிகூட இல்லை, வியாபாரம் பேசுகிறவன் மாதிரி குரலை இறக்கினான். "இதுங்களையும் போட்டிருப்பேன் ஆல்வின். ஆனா வெள்ளைக்கு ஆள் இருக்கு. நியூகாசில்ல ஒரு அம்மா, புள்ளைங்களுக்குப் பொறந்தநாள் பரிசாம். நீலக்கண்ணு வெள்ளை லர்ச்சர், அபூர்வம்னு விளம்பரம் போட்டேன், போன் பறந்து வருது."

"கண்ணே இல்லாததை என்னன்னு சொல்லிக் குடுப்ப?"

"தூங்குதும்பேன்."

"தூ! நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"ஏங்க, மூணு நீலம் வந்திருக்கில்ல? கறுப்புப் பெட்டைக்குப் போட்டா எத்தனை வந்திருக்கும், யாருக்குத் தெரியும்! நீங்க நீலப் பெட்டைன்னா கிட்டயே விடமாட்டீங்க. அதான் கொஞ்சம் மேக்கப். மனசுல வெச்சுக்காதீங்க. உங்க குட்டி உங்க கையில இருக்கு. எடுத்துட்டுப் போங்க, நல்லா இருங்க. அடுத்த சீசனுக்கு உங்களைத் தொந்தரவே பண்ணமாட்டேன். ஹெடிங்டன்கிட்ட பேசி வெச்சிருக்கேன், அவரோட நீலத்துக்கு."

ஹெடிங்டன்! நான் கத்த ஆரம்பித்தேன். என்ன கத்தினேன் என்று முழுசாக நினைவில்லை. அவன் அப்பனை இழுத்தேன், அவன் தொழிலை இழுத்தேன். எல்லாக் கதவுக்குப் பின்னாலிருந்தும் நாய்கள் குரைத்தன. கோட்டுக்குள் இருந்த குட்டி நடுங்கியது. ஜூலைக் கண்காட்சியில் இந்த முடியை எல்லார் மூக்குக்கு நேராகவும் ஆட்டப் போகிறேன், இனி ஒருத்தன் உன்னிடம் குட்டி வாங்குகிறானா பார்க்கிறேன் என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"பக்கத்துத் தெரு வரைக்கும் கேக்குது கண்ணு," என்றாள் லொரெய்ன்.

வாசலில் நின்றிருந்தாள். ஒரு கையில் டீ பிளாஸ்க், ஒரு கையில் காகிதத்தில் சுற்றிய பன்றி இறைச்சி ரொட்டி. வீட்டின் முன் அறையில் முடி திருத்துகிற கடை நடத்துகிறாள். யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அந்தக் கண்ணுவில் ஈரமே இல்லை.

"சாயம் போட்டது நான்தான்," என்றாள். "இவன் கேட்டான், போட்டேன். ரெண்டு டப்பா தீந்துச்சு. அந்தக் கண்ணில்லாததைப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. திட்டணும்னா என்னையும் சேத்துத் திட்டுங்க, வாங்கிக்கிறேன்."

"திட்டாம? உனக்கும் புத்தி எங்க போச்சு?"

"இருங்க, முடிக்கல. அன்னிக்கு என் தொட்டியிலதான கை கழுவினீங்க? தண்ணி கன்னங்கரேல்னு ஓடுச்சு. நீங்க கையைப் பாத்தீங்க. மோந்து பாத்தீங்க. இருபது வருஷமா அந்த மருந்துலயே நிக்கிறவ நான், அந்த வாடையை யாரும் வண்டி எண்ணெய்னு நெனைக்கமாட்டாங்க. அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தீங்க. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு, சொல்லிடலாம்னு வாயைத் தெறந்தேன். நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'சக்கரை ரெண்டு ஸ்பூன், லொரெய்ன்.'"

நான் குட்டியைக் கோட்டுக்குள் சரிப்படுத்தினேன்.

"ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் நாயைக் கூட்டிட்டு வந்தீங்க. கையுறை போட்டுக்கிட்டு."

"பனி," என்றேன்.

"ஆமா கண்ணு. பனி."

லெஸ் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தான். அவனை அறைந்திருக்கலாம். ஆனால் கை எழவில்லை. முதல் தடவை போய்வந்த அன்று மாலை டார்னின் வெள்ளை நெஞ்சு சாம்பலாக இருந்ததையும், சோப்புப் போட்டுத் தேய்த்ததையும், வாளித் தண்ணீரை விளக்கைப் போடாமலே சாக்கடையில் ஊற்றியதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. எண்ணெய் என்றேன், கரி என்றேன். ஃபெர்னின் இடது கண்ணில், நீல நாய்களுக்கு வருகிற ஒரு நீலப் பொட்டு இருந்தது, அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, டார்னுக்குப் பதினோரு வயசு, இன்னொரு பெட்டை தேட நேரமில்லை என்று மட்டும் நினைத்தேன். லெஸ்ஸாவது காசுக்காகச் செய்தான், அதை வெளியே சொல்லவும் செய்கிறான். நான் நல்லவன் வேஷமும் போட்டேன். என் மேலேயே காறித் துப்பலாம் போல் இருந்தது.

"போய்ச் சொல்லுங்களேன் கண்காட்சியில," என்றான் லெஸ். "அப்பன் யாருன்னு கேப்பாங்க. நான் சொல்றேன். கையுறை கதையையும் சேத்துச் சொல்றேன். கையை வெட்டணும்னவரு கையைப் பாப்பாங்க எல்லாரும்."

கோட்டுக்குள் குட்டி தூங்கிவிட்டது. அதன் மூச்சு சட்டை வழியாகச் சூடாக அடித்தது. வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினால் போதும், டார்ன் திரும்பக் கிடைப்பான். ஃபெர்ன் இன்னும் அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே கிடந்தாள். அடுத்த குளிர்காலத்தில் ஹெடிங்டனின் நாய். அதற்கடுத்த சீசனில் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி.

"நீ எதுக்கு சொல்லணும்? நானே சொல்றேன்," என்றேன். "மொதல்ல என் கையைச் சொல்லிட்டு, அப்புறம் உன் டப்பாவைச் சொல்றேன். எனக்கு இனிமே ஒளிக்க ஒண்ணும் இல்லடா. உனக்கு விக்க இன்னும் நாலு குட்டி இருக்கு."

அவன் சிரிப்பு நின்றது. "என்ன வேணும் உங்களுக்கு?"

"ஃபெர்ன்."

"அம்மாவையா? குட்டியும் வேணும், அம்மாவும் வேணுமா? நல்லா இருக்கே நியாயம்! உங்களுக்கு வர வேண்டியது ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. அவளைக் கேட்டா அவனைக் கீழ விடணும்."

"ஃபெர்னோட தோலுக்குள்ள இருக்கிற அடையாளச் சிப் என் பேர்ல இருக்கு," என்றாள் லொரெய்ன். "அவ இவரோட போகட்டும். என்னால அவளைப் பாக்கவே முடியல."

"நீ சும்மா இருடி! அவ போறதுன்னா இவரு குட்டியை வெச்சிட்டுப் போகட்டும். அதுல மாத்தமில்ல."

அவன் எதில் கொக்கி போட்டான் என்று அவனுக்குத் தெரியும். நான் என்ன செய்வேன் என்று பார்த்துக்கொண்டே நின்றான். கோட்டைத் திறந்தேன். குட்டி விழித்துக்கொண்டு கொட்டாவி விட்டது. புல்லில் இறக்கிவிட்டேன். அது இரண்டடி நடந்து, திரும்பி, ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தது. அந்த வெள்ளை விரல்களை நான் பார்த்திருக்கக் கூடாது.  அதன் மேல் பைத்தியமாக இருந்தேன் என்பது அதை விட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஃபெர்னின் கழுத்தில் கயிற்றைப் போட்டேன். அவள் வர மறுத்துக் காலை ஊன்றினாள். லொரெய்ன் கோழிக்கூண்டுக்குப் போய், அந்த உருளைக்கிழங்குப் பெட்டியைத் தூக்கி என் வண்டிக்குள் வைத்தாள். ஃபெர்ன் ஒரே தாவில் அதன் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"ஏய், அது வித்தாச்சு!" என்று லெஸ் கத்தினான்.

"நியூகாசில் அம்மாக்கு நான் போன் பண்றேன்," என்றாள் லொரெய்ன். "விக்கிறதுக்கில்லன்னு சொல்றேன். கேட்டா, நீ சொன்ன மாதிரி தூங்குதுன்னு சொல்றேன்."

கண் இல்லாததைத் திங்கள்கிழமை மிருக மருத்துவரிடம் கொண்டு போனேன். உள்ளுக்குள்ளும் என்னென்னவோ சரியில்லை என்றார். வலியில்லாமல் முடித்துவிடுகிற ஊசியைப் போடும்போது வெளியே நிற்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றேன். மற்றதுக்குப் பெக் என்று பேர் வைத்தேன். பெட்டை. கூப்பிட்டால் கேட்காது, இருந்தாலும் ஒரு பேர் வேண்டும். தரையில் காலால் உதைத்தால் திரும்பிப் பார்க்கும், கையைத் தாழ்த்தினால் வந்துவிடும். முயல் வேலைக்கு ஆகாது. ஃபெர்ன் ஆகலாம், பார்க்கிறேன். அவள் கறுப்பு முழுதும் கொட்ட ஜூன் கடைசி ஆயிற்று. கொட்டின முடி வீடெல்லாம் கிடந்தது, டீக் கோப்பையில்கூட ஒட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன்.

ஜூலைக் கண்காட்சிக்கு இரண்டையும் கூட்டிக்கொண்டு போனேன். டீக் கொட்டகை முன்னால் அதே கூட்டம். லெஸ்ஸும் இருந்தான், அந்த நீலக் குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு. அதற்குள் இரண்டு மடங்கு வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்தது, அடையாளம் தெரியவில்லை, பக்கத்து நாயை மோந்தது. லெஸ் என் வாயையே பார்த்தான்.

ஹெடிங்டன்தான் முதலில் வந்தான். போன வருஷத்து அவமானத்தை இன்னும் வைத்திருந்தான் போல. பெக்கைப் பார்த்தான், குனிந்து அதன் காதருகே விரலைச் சொடுக்கினான். அது அசையவில்லை. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா! ஆல்வின் டாட்ஸ் கையில வெள்ளையா?" என்று எல்லார் காதிலும் விழும்படிக் கேட்டான். "எந்த நாயி பண்ணின வேலைப்பா இது?"

"என் நாயி," என்றேன். "டார்ன். அவன் மேல தப்பில்ல. கூட்டிட்டுப் போனவன் நான். பெட்டைக்குச் சாயம் போட்டு வெச்சிருந்தாங்க. கையில ஒட்டுச்சு, மோந்தும் பாத்தேன். தெரிஞ்சும் ரெண்டாவது தடவை கூட்டிட்டுப் போனேன்."

 லெஸ் மெதுவாகப் பின்னால் நகர்ந்தான். பெட்டையின் சொந்தக்காரன் யார் என்று யாரோ கேட்டார்கள். சொன்னேன்.

"கையை வெட்டணும்னு நீதானே சொன்னே?" என்றான் ஹெடிங்டன். "ஞாபகம் இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

 எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பெக்கின் முதுகில் வைத்துக்கொண்டேன்.